முக்கோணம் இல்லாத படம்

பான்க்யோ
ஏப்ரல் 2

யுன்சோ,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடாதே. நான்கு மாதமாக உனக்கு எழுதவில்லை, போனும் செய்யவில்லை. கோபமாக இருப்பாய் என்று தெரியும். நீயும்தான் எண்ணை மாற்றிக்கொண்டு மொக்போவுக்கு ஓடிவிட்டாய். விலாசத்தை உன் அம்மாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். பாவம் அவர்கள், உன்னை வேலையிலிருந்து நிறுத்தியவள் நான்தான் என்று தெரியாமல் "எங்க பொண்ணை நல்லா பாத்துக்கிட்டீங்களே மேடம்" என்று நன்றி வேறு சொன்னார்கள்.

மெயிலில் அனுப்பாமல் ஏன் இந்தக் காலத்தில் தபால் என்று கேட்பாய். கம்பெனி வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த விஷயம் பற்றி மெயிலிலோ மெசஞ்சரிலோ ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாதாம். அதனால் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். சிம் மால்சுன் அம்மாள் வழக்குப் போட்டுவிட்டார்கள். நவம்பரில் நம் இணையதளத்தில் மின்மயானத்துக்கு முன்பதிவு செய்தார்களே, அந்தம்மாதான். கணவர் இறந்த மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அமரர் ஊர்தி போய் நின்றபோது மூன்றாம் எண் உலையில் வேறொருவர் எரிந்துகொண்டிருந்தார். ஒரே உலை, ஒரே நேரம், இரண்டு குடும்பம். மற்ற உலைகள் எதுவும் காலியில்லை. நான்காம் நாள் இரட்டைப்படை, சாவுக்கு ஆகாது என்று ஐந்தாம் நாள் வரைக்கும் அவர் கணவரைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அழுதுகொண்டே கிளம்பிப் போனார். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சமரசப் பேச்சு மே இருபதாம் தேதி. அந்தம்மாவின் வக்கீல் கேட்பது ஒன்றே ஒன்று: தவறு செய்தது யார்? நீ போகும்போது எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதம் அரைப் பக்கம்தான். அது போதாதாம். புதிதாக மூன்று பக்கம் தயார் செய்து வைத்திருக்கிறோம். நீ உன் கையால் பார்த்து எழுதி, உன் பெயர் முத்திரை வைத்து அனுப்பினால் போதும். எந்த நிரல் கோப்பு, எந்த வரி, நீ எதைக் கவனிக்காமல் விட்டாய், குழுத் தலைவி இரண்டு முறை எச்சரித்தும் நீ எப்படி அலட்சியம் செய்தாய், எல்லாம் அதில் இருக்கிறது. நான் எச்சரித்தது உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எச்சரித்திருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள். மொக்போவில் காற்று அதிகம், உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும்.

உன் அக்கா,
தக் ஹேரிம்


மொக்போ
ஏப்ரல் 9

குழுத் தலைவி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. "அக்கா" என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. மன்னிக்கவும்.

நான் இங்கே வேலை இழந்தவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்தில் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பேர். எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள். என்னை வேலைக்கு எடுத்தபோது முன்பு எங்கே இருந்தாய், ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தாள்களைப் படித்தேன். எழுதித் தருகிறேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். டிசம்பரில் நீங்கள் என்னை இச்சோனுக்கு, அந்தம்மாவின் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். நீங்கள் காரிலேயே இருந்துவிட்டீர்கள். உள்ளே நடந்தது என்ன என்று திரும்பி வரும்போது நீங்கள் கேட்கவுமில்லை, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டீர்கள். அதனால் இப்போது சொல்கிறேன்.

இறந்த கணவரின் படத்துக்கு முன்னால் இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினேன். பிறகு அந்தம்மாவின் முன் மண்டியிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அப்புறம், "உன் கையைக் காட்டு" என்றார்கள். காட்டினேன். "இந்தக் கையாலதானே தட்டினே?" ஆமாம் என்றேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார்கள். "சின்னக் கையா இருக்கே. இதுக்குள்ள எங்க வீட்டுக்காரரோட ரெண்டு நாளு எப்படிம்மா அடங்கிச்சு? அவருக்குக் குளிரே ஆகாது. ஜூன் மாசத்துலயே காலுறை போட்டுக்கிட்டுத் தூங்குற மனுஷன்." அவ்வளவுதான். "எந்திரிச்சுப் போ" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

வகுப்பில் விசைப்பலகையில் கை வைக்கும்போதெல்லாம் அந்த விரல்கள்தான் தெரிகின்றன.

ஒரு சின்ன வேண்டுகோள். விளக்கக் கடிதத்தில் "இணைப்பு: கன்சோல் படம்" என்று இருக்கிறது. அன்று மீட்டிங்கில் பெரிய திரையில் நீங்கள் காட்டிய படம்தானே? அப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது, சரியாகப் பார்க்கவில்லை. எண்களைத் தப்பாக எழுதிவிடக் கூடாது. அதை அச்செடுத்து அனுப்ப முடியுமா?

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

கில் யுன்சோ


பான்க்யோ
ஏப்ரல் 14

யுன்சோ,

அடடா, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பூர்வாங்கமா! நீ என்றைக்குமே இப்படித்தான். பத்து வரியில் முடியும் வேலைக்கு நாற்பது வரி.

அந்தம்மா விரலைப் பிடித்துப் பார்த்தார்களாம், பேசினார்களாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். உன் நல்ல நேரம், அதோடு விட்டார்கள். அதற்கே நான்கு மாதம் தேம்புகிறாய்.

நீ கேட்ட படம் கவரில் இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள். விபத்து நடந்த மறுநாள், அந்தக் குடும்பத்தின் அதே விவரங்களைச் சோதனைக் கணினியில் போட்டு ஓட்டியபோது கன்சோல் திரையில் வந்தது. மேலே "யுன்சோ கையால" என்று உன் லாக், உன் நிரல் ஓடும்போது திரையில் எழுதும் குறிப்பு வரி. உன் அடையாளம். குழுவில் ஆளாளுக்கு லாக்கில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது மற்றவர்கள் "பசிக்குது", "எப்ப வீட்டுக்குப் போறது" என்று எழுதிக்கொண்டிருக்க, நீ மட்டும் உன் பேரையே வைத்தாய். இப்போது அதுவே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்குக் கீழே, "உலை: 3, நேரம்: 11:00". உன் கோப்பு நேராக மூன்றாம் உலையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. காலியா இல்லையா என்று பார்க்கவே இல்லை. நான் உன்மேல் பழி போடவில்லை யுன்சோ. கன்சோல் சொல்கிறது. கன்சோலுக்கு உன்மேல் என்ன விரோதம்?

உன் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அழவே மாட்டாள். அவளோடு வேலை செய்வது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

மே பதினைந்துக்குள் தாள்கள் என் கைக்கு வர வேண்டும். உன் பயிற்சி மையத்தின் பெயரைக் கவரில் பார்த்தேன். நல்ல இடமாம், விசாரித்தேன்.

ஹேரிம்


மொக்போ
ஏப்ரல் 21

அக்கா,

இன்று இந்தச் சொல் தானாக வந்துவிட்டது. ஏனென்றால் உங்களைக் கெஞ்சிக் கேட்க ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் லாக் போட்டுப் பிழை தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா எண்ணைக் காட்டுவதற்கு ஒன்று, எச்சரிக்கையை மஞ்சளாகக் காட்ட ஒன்று, பிழையைச் சிவப்பாகக் காட்ட ஒன்று, பட்டியலைக் கட்டம் போட்டுக் காட்ட ஒன்று என்று வரிசையாக. உதாரணத்துக்கு ஒரு பஸ்ஸின் விவரத்தை எடுத்துக்கொண்டேன். தடம் எண் ஐந்து. அதை லாக் செய்தேன். அதற்கு அடுத்த வரியில் தடம் எண்ணை மூன்றாக மாற்றினேன்.

என் வகுப்பில் பியோ ஜேசிக் என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வகுப்பில் எல்லாவற்றையும் சத்தமாகத்தான் கேட்பார். "டீச்சர், இங்க வாங்க. இந்தச் சின்ன முக்கோணத்துக்குப் பக்கத்துல அஞ்சுன்னு போட்டிருக்கு. அதை அமுக்கித் திறந்தா உள்ள மூணுங்குது. என் கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல இந்தப் பொட்டி என்கிட்டயே புளுகுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே விளக்கினேன். "பொட்டி புளுகல ஐயா. முக்கோணம் இருக்கிற வரி, லாக் போட்ட அந்த நிமிஷத்துல என்ன இருந்துச்சோ அதைக் காட்டும். நீங்க திறந்து பாக்குறீங்களே, அது நீங்க திறக்கிற நேரத்துல என்ன இருக்கோ அதைக் காட்டும். நடுவுல யாராவது மாத்தியிருந்தா மாத்தினதுதான் தெரியும். அதனால திறந்து பாத்ததை வெச்சு யாரையும்..."

வாக்கியத்தைப் பாதியில் விட்டு அன்றைய வகுப்பை முடித்துவிட்டேன். நான்கு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாததா? முதல் வருஷமே தெரியும். அந்த மீட்டிங்கில் பதினோரு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நீங்கள் அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே என் அடையாளம். அதற்கு நேர் கீழே, விரித்த விவரம்: உலை மூன்று. ஆனால் விரித்த விவரத்துக்கு மேலே முக்கோணம் இல்லை. முக்கோணத்தை அமுக்காமல் அது எப்படி விரியும்? என் அடையாளத்துக்கும் விவரத்துக்கும் நடுவில் முக்கோணத்தோடு ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அந்த வரியில்தான் என் கோப்பு கொடுத்த எண் இருந்திருக்கும். அந்த ஒரு வரியை யாரோ எடுத்துவிட்டு மேல் வரியையும் கீழ் வரியையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் வரி இடைவெளி ஒரு மயிரிழை குறைகிறது.

என் கோப்பு ஐந்தாம் உலையைக் கொடுத்திருக்கும். முன்பதிவு செய்த அன்று ஐந்து காலியாகத்தான் இருந்தது. விபத்துக்கு முந்தின நாள் ஐந்தாம் உலை பழுது என்று மயானத்திலிருந்து போன் வந்தது நினைவிருக்கிறதா? "ஐந்தில் இருப்பவர்களை மூன்றுக்குத் தள்ளிவிடுகிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன், நீ கை வைக்காதே" என்றீர்கள். என் கோப்பு ஓடிய பிறகு எண்ணை மூன்றாக மாற்றும் அந்தப் பத்து வரி நிரலை எழுதியது நீங்கள். மூன்று காலியா என்று அது பார்த்ததா அக்கா?

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அவசரத்தில் யாருக்கும் நடக்கும். எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. படத்தில் அந்த வரியை வெட்டியது யார்? கம்பெனி இயக்குநரா? வக்கீலா? நீங்கள் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான் நம்புகிறேன். உங்கள்மேல் ஆணையாக நம்புகிறேன்.

யுன்சோ


பான்க்யோ
ஏப்ரல் 25

யுன்சோ,

பஸ் டிரைவர் பாடம் நடத்த, டீச்சர் கற்றுக்கொண்டாளாக்கும். பேஷ்.

"நீங்கள் இல்லை என்று எழுதுங்கள்" என்கிறாய். நான் எதையும் எழுத மாட்டேன். நான் என்ன, கையில் கிடைத்த தாளிலெல்லாம் ஒப்புதல் எழுதிக் கொடுக்க கில் யுன்சோவா?

ஆனாலும் இவ்வளவு தூரம் அளவுகோலெல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறாய், உன்னை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. ஒரு பேச்சுக்கு ஒரு கதை சொல்கிறேன். கதைதான். ஒருத்தி இருந்தாள் என்று வைத்துக்கொள். நாற்பத்தொரு வயது. இந்தத் தொழிலில் நாற்பதைத் தாண்டிய பெண் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாய்? விபத்து நடந்த மறுநாள் மதியம் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "அஞ்சு மணிக்குள்ள ஒரு பேரு வேணும். பேரு இல்லன்னா குழுவையே கலைச்சுடுறேன்" என்றார். அவள் வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நம் குழுவில் பாங்குக்கு வீட்டில் கைக்குழந்தை. நோ என்கிறவன் இருக்கிறானே, வாய் சாமர்த்தியக்காரன், திருப்பி அடிப்பான். கடைசி மேசையில் நீ இருந்தாய். லிஃப்ட்டில் உன் காலை மிதித்தவனிடமே "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்கிற பெண். அவளுக்கு ரொம்ப நேரம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

உனக்கு எதிராக அவளுக்கு ஒன்றுமே இல்லை, யுன்சோ. அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். நீ சுலபமாக இருந்தாய். அவ்வளவுதான் உன் குற்றம்.

படம் காட்டியபோது நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "முக்கோணம் எங்க?" இரண்டே சொல். அறையிலிருந்த பதினோரு பேரும் இதே தொழில்காரர்கள்தான். எல்லோருக்கும் கண் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. அவர்களெல்லாம் நல்லவர்கள், நான் மட்டும் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. நீ தலையைக் குனிந்து அழ ஆரம்பித்தாய், அவர்களுக்கும் வீட்டுக்குக் கிளம்ப வசதியாகப் போயிற்று.

சரி, இப்போது என்ன செய்யப்போகிறாய்? பழைய கோப்புகள் இல்லை, புதிய தளம் வந்தாயிற்று. உன் அரைப் பக்கக் கடிதம் வக்கீலிடம் இருக்கிறது. அந்தம்மாவின் வீட்டில் நீ விழுந்து கும்பிட்டதை அக்கம்பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள். மண்டி போட்டவள் எழுந்து நின்று "நான் இல்லை" என்றால் யார் கேட்பார்கள்? சமரசக்காரர்களிடம் போய் முக்கோணம், வரி இடைவெளி என்று சொல்லிப் பார். சிரிக்கக்கூட மாட்டார்கள்.

உனக்கு அனுபவச் சான்றிதழ் இன்னும் தரவில்லை, ஞாபகம் இருக்கட்டும். உன் பயிற்சி மையத்து மேலாளர் பெயர் யாங் என்று கேள்விப்பட்டேன். போனில் நன்றாகப் பேசுவாராம்.

மே பதினைந்து.

ஹேரிம்


மொக்போ
மே 1

தக் ஹேரிம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் துறைமுகம்வரை நடந்து போய் வந்தேன். அந்தப் பத்து வரிக்காக நான் உங்களை வெறுக்கவில்லை. "அவளுக்கு ரொம்ப நேரம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை" என்று எழுதினீர்களே, அதற்காக வெறுக்கிறேன். பாங்கின் குழந்தைக்காகப் பத்து நிமிஷம் யோசித்திருப்பீர்கள். எனக்காக ஒரு நிமிஷம் தடுமாறினேன் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்குச் சாப்பாட்டில் பூண்டு ஆகாது என்று நான்கு வருஷம் கடை கடையாக விசாரித்து வாங்கிவந்தவள் நான்.

சண்டை போட எனக்குத் தெரியாது. நீங்கள் கணக்குப் போட்டது சரிதான், நான் சுலபம். நீதிமன்றத்துக்கும் கம்பெனிக்கும் நானே குற்றவாளியாக இருந்துவிட்டுப் போகிறேன். மூன்று பக்கத்தையும் என் கையால் எழுதி முடித்துவிட்டேன். நீங்கள் எச்சரித்தீர்கள் என்பதையும் எழுதிவிட்டேன். முத்திரை மட்டும் வைக்கவில்லை.

முத்திரை வேண்டுமென்றால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். இச்சோனுக்குப் போய் அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர்கள் ஒருவரிடம் மட்டும். வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம், எழுத்தில் எதுவும் வேண்டாம். அவர்கள் அதை வெளியே சொன்னாலும் என் மூன்று பக்கம் உங்களைக் காப்பாற்றும். உலகத்தில் எல்லோரும் என்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொள்ளட்டும். என் விரல்களைப் பிடித்துப் பார்த்த அந்த ஒரு மனுஷி மட்டும் என்னை அப்படி நினைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது கிடைத்தால் நான் தூங்குவேன்.

நீங்கள் சுற்றி வளைத்துப் பேசக் கூடாது, "ஒரு பேச்சுக்கு" என்று கதை சொல்லக் கூடாது என்பதற்காக, சொல்ல வேண்டியதை இங்கே தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இதில் ஒரு சொல் குறையாமல் சொல்ல வேண்டும்.

"என் பெயர் தக் ஹேரிம். உங்கள் கணவரின் உலையை மாற்றியது நான். யுன்சோ சரியாகத்தான் செய்திருந்தாள். அது எனக்கு மறுநாளே தெரியும். தெரிந்தே அவளை உங்கள் முன் மண்டியிட வைத்தேன்."

ஐந்து வாக்கியம். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கில் யுன்சோ


பான்க்யோ
மே 9

யுன்சோ,

இச்சோனுக்குப் போய்விட்டு வந்தேன். நேற்றே போனேன். பெற்றோர் தினம், வீட்டில்தான் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அன்றைக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற கார்னேஷன் பூ ஒன்றும் வழியில் வாங்கிக்கொண்டேன். நீ சொன்னபடி வக்கீல் இல்லை, யாரும் இல்லை. காரில் உட்கார்ந்துகொள்ளவும் இல்லை.

அந்தம்மாதான் கதவைத் திறந்தார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. யுன்சோ வேலை பார்த்த கம்பெனி என்றேன். பூவைக் கையில் வாங்கவில்லை, செருப்பு வைக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினேன். மண்டி போட்டேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

ஒரு சொல் குறையக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். நான் மனப்பாடம் செய்யவில்லை. தப்பாகிவிட்டால் பிறகு நீ முத்திரை வைக்க மாட்டாயே. அதனால் உன் தாளையே பையிலிருந்து எடுத்துப் பிரித்து, பார்த்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஐந்து வாக்கியமும். ஒன்றும் விடவில்லை.

அவர்கள் தாளைக் காட்டிக் கேட்டார்கள்.

"இது யாரு எழுதினது?"

"யுன்சோ" என்றேன்.

"அவதான் உன்னை இங்க அனுப்பினாளா?"

"ஆமா."

"நீ வந்து இதைப் படிச்சா உனக்கு என்ன கிடைக்கும்?"

"அவ ஒரு தாள்ல முத்திரை வெச்சுத் தருவா."

நான் எதையும் இட்டுக்கட்டவில்லை யுன்சோ. கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன். உண்மைதான் சொல்ல வேண்டும் என்று நீதானே எழுதியிருந்தாய்.

அந்தம்மா எழுந்து நின்றார்கள். அவர்கள் சொன்னதையும் ஒரு சொல் குறையாமல் உனக்குத் தருகிறேன், அதுதான் நியாயம்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு இங்க உக்காந்து அழுதுச்சே, அது போனப்புறம் நான் ராவெல்லாம் தூங்கல. பாவம், சின்னக் கை, தெரியாமப் பண்ணிடுச்சு. செஞ்சவளே வாசல் தேடி வந்து நான்தான்னு சொன்னாளே, அந்த தைரியம் எவளுக்கு வரும்னு நெனச்சேன். அவரு படத்துக்கு முன்னாடி உக்காந்து, போகட்டும், அந்தப் புள்ளைய மன்னிச்சுடுங்கன்னு நானே கேட்டேன். வக்கீல்கிட்டயும் சொல்லியிருக்கேன், அவ பேரை இழுக்காதீங்க, கம்பெனிய மட்டும் கேளுங்கன்னு. இப்போ என்னடான்னா, தன் பழிய ஏத்துக்க ஆளு புடிச்சு, பேசுறதை எழுதிக் குடுத்து, கும்புட வெச்சு அனுப்புறாளா? அப்போ அன்னிக்கு அழுதது? அதுவும் எழுதிக் குடுத்துப் படிச்சதுதானா? போய்ச் சொல்லு அவகிட்ட. என் மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு சொல்லு. நான் சாகுற வரைக்கும் அவ பேரைச் சொல்லித்தான் சபிப்பேன்னு சொல்லு."

நான் "இல்லம்மா, நிஜமாவே நான்தான்" என்று ஒரு தடவை சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல, நீயா செஞ்சே?" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான் அழ மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

அவர்கள் உன்னை மன்னித்திருந்தது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்னை அனுப்பியே இருக்க மாட்டாய், இல்லையா?

நேற்றே அவர்கள் தங்கள் வக்கீலிடம் பேசிவிட்டார்களாம். உன் பெயரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் வக்கீல் இன்று காலை போன் செய்து சொன்னார்.

நீ கேட்டதை நான் செய்துவிட்டேன். இனி உன் முறை. மூன்று பக்கத்திலும் கீழே வலப்பக்கம் முத்திரை வைக்க வேண்டும். மை காய்ந்த பிறகு மடித்து, பதிவுத் தபாலில் அனுப்பு. பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேரட்டும்.

ஹேரிம்